மும்பையில் முதல் மழைக்காலம்: தமிழ்நாட்டிலிருந்து வருவோருக்கு ஒரு வழிகாட்டி

தாராவி, சயான், மாட்டுங்கா, அண்டாப்ஹில், குர்லா என்று தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதிகளில் பலவும் மும்பையின் தாழ்ந்த நிலங்களில் அமைந்தவை. வேலைக்காகப் புதிதாக வருகிறவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வாடகை எவ்வளவு, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்துவிட்டுக் குடியேறுகிறோம். மழையைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், 2015இல் சென்னையில் பார்க்காத வெள்ளமா என்று சிரித்துக்கொள்கிறோம். அந்த நம்பிக்கைதான் முதல் மழைக்காலத்தில் புதியவரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. நாம் கற்றுவைத்திருப்பது வேறொரு பருவத்தின் மழையை, வேறொரு கடலை. சென்னையில் ஏரி நிரம்பி, ஆறு பெருகி, வெள்ளம் ஊருக்குள் வருவதற்கு ஓரிரு நாட்கள் ஆகும். மும்பையிலோ காலை எட்டு மணிக்குக் காய்ந்து கிடந்த தெருவில் பதினோரு மணிக்கு இடுப்பளவு நீர் நிற்கலாம், மாலை ஐந்து மணிக்கு அது வடிந்தும் போகலாம். ஆகவே இங்கே நாட்களைக் காட்டிலும் மணிகளைக் கணக்கிடப் பழக வேண்டும்.

மாதக் கணக்கை மாற்றிக்கொள்ளுதல்

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. மும்பைக்கு ஏறத்தாழ முழு மழையும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றால் வருகிறது. அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிவரும் காற்று, கரைக்குப் பின்னால் சுவர்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலேறிக் குளிர்வதால், கொங்கண் கரை நனைகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலம் வறண்டு நிற்கிறது. செங்கோட்டையில் சாரல் அடிக்கும்போது தூத்துக்குடியில் வெயில் காய்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. ஆனால் அளவு வேறு. சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறத்தாழ 1,400 மி.மீ.; மும்பையில் நான்கே மாதங்களில் 2,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது.

பருவமழை மும்பையைத் தொடும் வழக்கமான நாள் ஜூன் 11. இதை நம்பி ஜூன் முதல் வாரத்தில் குடை வாங்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. 2025இல் மே 26 அன்றே மழை வந்து இறங்கிவிட்டது. எனவே வீட்டைச் சரிபார்க்கும் வேலைகளை மே நடுப்பகுதிக்குள் முடித்துவிடுவது நல்லது. நாலா எனப்படும் பெருவாய்க்கால்களை நகராட்சி தூர்வாரி முடிக்கப் பார்ப்பதும் அந்த மாதத்துக்குள்தான். உங்கள் தெருமுனை நாலாவிலிருந்து எடுத்த சகதியைக் கரையிலேயே குவித்துவைத்திருந்தால் அது முதல் மழையில் திரும்பவும் உள்ளே போகும். வார்டு அலுவலகத்தில் புகார் செய்ய அதுவே ஏற்ற நேரம். மாட்டுங்கா, சயான், வடாலா பகுதிகள் எஃப்-வடக்கு வார்டிலும், தாராவி ஜி-வடக்கு வார்டிலும், குர்லா எல் வார்டிலும், செம்பூரின் மேற்குப் பகுதி எம்-மேற்கு வார்டிலும் வருகின்றன. நகராட்சியின் பேரிடர் உதவி எண் 1916. இதைக் கைப்பேசியில் இன்றே சேமித்துவிடுங்கள்.

காலடியில் இருக்கும் நிலம்

இன்றைய தென்மும்பை ஒருகாலத்தில் ஏழு தீவுகளாக இருந்தது. கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வர்ளி, மாஹிம் ஆகிய அந்தத் தீவுகளுக்கு நடுவே ஓதம் (நாள்தோறும் கடல்மட்டம் ஏறி இறங்குவது) ஏறும்போது கடல்நீர் புகுந்து, இறங்கும்போது சேறாகக் கிடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கரைகள் கட்டி, மேடுகளை வெட்டி, பள்ளங்களைத் தூர்த்து ஒரே நிலமாக்கினார்கள். மேலே கட்டடம் வந்துவிட்டது. பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. ஹிந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான், மிலன் சப்வே, அந்தேரி சப்வே என்று ஆண்டுதோறும் செய்தியில் அடிபடும் இடங்கள் பெரும்பாலும் தட்டின் நடுக்குழி போன்றவை. சுற்றுமேட்டின் நீரெல்லாம் அங்கேதான் வந்து கூடும். ஹிந்துமாதாவில் அண்மை ஆண்டுகளில் நிலத்தடித் தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள் என்றாலும், பெருமழை நாளில் அந்த வழியைத் தவிர்ப்பதே இன்னமும் நல்லது.

இவற்றோடு மிட்டி ஆற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். விஹார், பவாய் ஏரிகளின் உபரிநீரில் தொடங்கி, சாக்கிநாக்கா, குர்லா, கலீனா, பாந்த்ரா-குர்லா வளாகம் வழியாகத் தாராவியின் ஓரமாக வந்து மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் இந்த ஆற்றின் நீளம் ஏறத்தாழ 18 கி.மீ. மட்டுமே. தாமிரபரணியைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது ஆறாகவே தோன்றாது. சாக்கடை என்றுதான் நினைப்பார். ஏரி நிரம்பி வழியும் நாளில் அது தன் பழைய அகலத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. குர்லாவின் கிராந்தி நகரிலிருந்து மக்களை அவ்வப்போது நகராட்சி இடம்பெயர்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

ஓதத்தைக் கணக்கிடுதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் நாம் ஓதத்தைக் கவனித்துப் பழகியதில்லை. மும்பைக் கடலுக்கடியில் இருக்கும் அகன்ற கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) ஓதத்தைப் பெருக்கிவிடுவதால், இங்கே அந்த வேறுபாடு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நான்கு மீட்டரைத் தொடுகிறது. நகரின் மழைநீர் வாய்க்கால்கள் பலவற்றின் கடல்வாய் ஓத மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் ஏறி நிற்கும் சில மணி நேரத்துக்கு வாய்க்கால் நீர் வெளியேற வழியில்லை. மதகை மூடாவிட்டால் கடல்தான் உள்ளே வரும். ஹாஜி அலி, இர்லா, லவ் குரோவ் போன்ற நீரேற்று நிலையங்கள் அந்த நேரத்தில் நீரை இறைத்து வெளியே தள்ளுகின்றன. ஆனால் பழைய வாய்க்கால் அமைப்பு மணிக்கு 25 மி.மீ. மழையை, அதுவும் கடல் இறங்கியிருக்கும்போது, கடத்துவதற்காகக் கட்டப்பட்டது. விரிவுபடுத்திய இடங்களில் இது 50 மி.மீ. வரை தாங்கலாம். பலத்த மழை ஒரே மணி நேரத்தில் இதைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே பெருமழையும் ஓதமும் ஒரே நேரத்தில் வருமா என்பதே மும்பையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கான விடையில் பாதி உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரிக் காலண்டரிலேயே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி அன்றும் அதற்கடுத்த இரண்டு மூன்று நாட்களும் ஓதம் மிக உயரமாக இருக்கும். அந்த நாட்களில் மும்பையில் அது பொதுவாக நண்பகல் கடந்த சற்று நேரத்தில் உச்சத்தைத் தொடும். அடுத்தடுத்த நாள்களில் உச்ச நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அட்டமியை ஒட்டிய நாட்களில் ஓதம் தணிந்திருக்கும். இன்று ஒரு மணிக்கு உச்சம் என்றால் நாளை இரண்டு மணிக்குச் சற்று முன்பு என்று மனக்கணக்குப் போட்டுவிடலாம். துல்லியமான நேரத்தை நாளிதழ்களும் நகராட்சியும் வெளியிடுகின்றன; ஓதத்தின் உயரம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை நகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே அறிவித்துவிடுகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்துக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டுவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. கல்யாணத் தேதி பார்ப்பதைவிட அக்கறையாகப் பார்க்கிறீர்களே என்று ஊரிலிருந்து வந்த உறவினர் கேலி செய்ததும் உண்டு.

இந்தக் கடலோடு வாழும் கோளி மீனவர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் படகைக் கரையேற்றிவிடுகிறார்கள். அரசின் மீன்பிடித் தடையும் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இரண்டு கடல்களின் குணமும் விளங்கும். ஆவணிப் பௌர்ணமியை ஒட்டி, நம்மவர்கள் பூணூல் மாற்றும் நாளில், கோளிகள் நாரளி பூர்ணிமா கொண்டாடிக் கடலுக்குத் தேங்காய் படைத்த பின்னரே மீண்டும் தொழிலுக்குப் போவது மரபு. படகோட்டத் தெரிந்தவர்களே இறங்காத கடலில், ஓத நேரத்தில் அலை பார்க்கிறேன் என்று மெரைன் டிரைவ் சுவரின் மேல் ஏறி நிற்பதும் ஜுஹுவில் கால் நனைப்பதும் வேண்டாம்.

வீடு பார்க்கும்போது

வாடகை வீடு பார்ப்பதற்குச் சரியான காலம் ஜூலை மாதம்தான். ஆனால் அது எல்லோருக்கும் வாய்க்காது. கோடையில் பார்ப்பவர் சுவர்களைக் கவனிக்க வேண்டும். தரைத்தள வீட்டில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, வாசல்படி தெருவைவிட எத்தனை படி மேலே இருக்கிறது, அக்கம்பக்கத்தார் கதவு நிலையில் பலகை செருகக் காடி வெட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டு ஏஜென்ட் தண்ணீரே வராது என்பார். எதிரில் இருக்கும் கிரானா கடைக்காரரிடம் கேளுங்கள். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றியவருக்கு உண்மை தெரியும். ‘பாரிஷ் மே இதர் பானி பர்தா ஹை க்யா?’ (மழையில் இங்கே தண்ணீர் நிற்குமா?) என்ற ஒரு கேள்வி போதும். ‘குட்னே தக்’ என்றால் முழங்கால் வரை, ‘கமர் தக்’ என்றால் இடுப்பு வரை. மழை நாளில் மற்றவர்கள் வழி சொல்வதும் இந்தச் சொற்களில்தான் என்பதால் இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

குடியேறிய பின், ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். படமெடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். தகரக் கூரை என்றால் தாட்பத்ரியை (தார்ப்பாயை) மே மாதத்திலேயே வாங்குங்கள், ஜூனில் விலை ஏறிவிடும். தண்ணீர் உள்ளே வரத் தொடங்கினால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஈரக் காலோடு நின்று சுவிட்சைத் தொடும் நிலை வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அடுத்ததாகக் கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழற்றுங்கள். நீரில் சிலிண்டர் மிதந்து குழாயை இழுத்துவிடும். அதன்பின் குடிநீர், மருந்து, முதியவர்கள் என்ற வரிசையில் மேல்தளத்துக்குப் போகலாம். மேல்வீட்டுக்காரரோடு மே மாதத்திலேயே பழகிவைப்பது இதற்கும் உதவும்.

எச்சரிக்கையை வாசித்தல்

இந்திய வானிலைத் துறையின் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் தமிழ்நாட்டிலும் பழகியவைதான். கன மழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல், மிகக் கன மழை என்றால் 115.6 மி.மீ. முதல், அதி கன மழை என்றால் 204.4 மி.மீ.க்கு மேல். மும்பையில் மஞ்சள் நிறம் அடிக்கடி வருவதால் அதற்கெல்லாம் விடுப்பு எடுக்க முடியாது. ஆரஞ்சு நிறமும் 4.5 மீட்டர் ஓதமும் ஒரே நாளில் வந்தால் பயணத்தை மாற்றி அமையுங்கள். சிவப்பு என்றால் வீட்டிலேயே இருங்கள். மும்பைக்குக் கொலாபா, சாந்தாகுரூஸ் என்று இரண்டு முதன்மை வானிலை நிலையங்கள் உண்டு. இரண்டின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதன் காரணத்தை 2005 ஜூலை 26 சொல்கிறது. அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை பதிவானது; ஜூலை மாதம் முழுவதும் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்துவிட்டது. அதே நாளில் கொலாபாவில் பதிவானது 73 மி.மீ. மட்டுமே. ஃபோர்ட் பகுதி அலுவலகங்களில் இருந்தவர்கள் சாதாரண மழை என்று நினைத்துக் கிளம்பி, குர்லாவிலும் கலீனாவிலும் கழுத்தளவு நீரில் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்த்துப் புறப்படாதீர்கள். வீடு இருக்கும் பகுதிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டுப் புறப்படுங்கள்.

வழியில் மாட்டிக்கொண்டால்

மழை வலுக்கும் நாளில் அலுவலகத்திலேயே தங்குவது அவமானம் இல்லை. நீர் பெரும்பாலும் ஓதம் இறங்கிய சில மணி நேரத்தில் வடியத் தொடங்கும் என்பதால், மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவில் வீடு சேர்வதைவிட, இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டுப் பத்தரைக்குச் சேர்ந்துவிடலாம். சயான், குர்லா, சுனாபட்டி பகுதிகளில் தண்டவாளம் மூழ்கினால் மத்திய ரயில்வேயும் ஹார்பர் லைனும் நின்றுவிடும்; மேற்கு ரயில்வே ஓடிக்கொண்டிருக்கலாம். லோக்கல் நடுவழியில் நின்றால் அறிவிப்பு வரும்வரை இறங்காதீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் வண்டி வராது என்று நீங்களே முடிவு செய்துவிட முடியாது. 2019 ஜூலை 27 அன்று பத்லாபூர், வாங்கணி இடையே வெள்ளத்தில் சிக்கிய மகாலட்சுமி எக்ஸ்பிரஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெட்டிகளுக்குள்ளேயே காத்திருந்து, மீட்புப் படையினர் வந்த பிறகு பாதுகாப்பாக வெளியேறினார்கள்.

நடந்தே ஆக வேண்டும் என்றால், சாலையின் நடுவே, ஒருவர் பின் ஒருவராக, குடைக்கம்பால் முன்னே தட்டிப்பார்த்து நடக்க வேண்டும். நீர் சுழித்து இறங்கும் இடம் திறந்த மேன்ஹோலாக இருக்கும். 2017 ஆகஸ்ட் 29 அன்று பெய்த மழையில் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரே அப்படித் திறந்துகிடந்த குழியில் விழுந்து உயிரிழந்தார். அந்த நாள் கணேசோத்சவத்தின் நடுவில் வந்தது. பல மண்டபங்கள் வழிப்போக்கர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கோயில், குருத்வாரா, நகராட்சிப் பள்ளி என்று திறந்திருக்கும் எந்த வாசலிலும் தயங்காமல் நுழையுங்கள், இந்த ஊரில் யாரும் சாதியோ மொழியோ கேட்க மாட்டார்கள். மின்கம்பத்தையும் இரும்புத் தடுப்பையும் தொடாதீர்கள்.

காரில் இருப்பவர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு நீர் ஏறுமுன் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும். 2005இல் மின்பூட்டு வேலை செய்யாமல், கண்ணாடியை இறக்க முடியாமல், காருக்குள்ளேயே மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. நீரில் நின்ற காரைப் பின்னர் சாவி போட்டுக் கிளப்பிப் பார்க்கக் கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் அதுவே அதை உடைத்துவிடும், எஞ்சின் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாத காப்பீட்டில் அந்தச் செலவு கிடைப்பதும் கடினம்.

குன்றும் பழைய கட்டடமும்

தாழ்வான இடம் வேண்டாம் என்று குன்றின் அடிவாரத்துக்குப் போனால் அங்கே வேறு ஆபத்து. 2000 ஜூலையில் காட்கோபரிலும், 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் பாரத் நகரிலும் உயிர்கள் போனது நள்ளிரவு மழையாலோ வெள்ளத்தாலோ மட்டும் அல்ல. சரிந்த மண்ணாலும் இடிந்த சுவராலும்தான். மராத்தியில் ‘தரட்’ என்றால் மண்சரிவு. சுவரில் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று நீர் ஆகியவற்றைக் கண்டால் அந்த இரவை வேறிடத்தில் கழிக்க வேண்டும். தென்மும்பையின் பழைய கட்டடத்தில் அறை எடுப்பவர், நகராட்சியின் சி-1 (மிக அபாயமான கட்டடங்கள்) பட்டியலிலோ மாடா எனப்படும் மாநில வீட்டுவசதி அமைப்பின் அபாயக் கட்டடப் பட்டியலிலோ அது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டும் மழைக்கு முன் வெளியாகின்றன.

தண்ணீர் வடிந்த பின்

வெள்ளத்தில் நடந்தவர் வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் கால்களைக் கழுவிக் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மும்பையின் மழைக்கால நோய்களில் கொடியது. அதைத் தடுக்கும் மாத்திரையை வெள்ளத்தில் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று நகராட்சி ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறது. கடையில் நீங்களாக வாங்கிவிடாமல், நகராட்சி மருந்தகத்தில் மருத்துவரிடம் கேளுங்கள். கருவுற்றவர்களுக்கும் சிறுவர்களுக்கும் மருந்து வேறு. அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், கண் சிவத்தல், ஆடுசதை வலி வந்தால் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். உங்கள் குடியிருப்புச் சொசைட்டியின் நிலத்தடித் தொட்டியில் வெள்ளநீர் கலந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டு, அதைக் கழுவிக் குளோரின் இடும்வரை நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மின்பணியாளர் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள்.

வீட்டுப் பொருள்கள் நனைந்திருந்தால், சுத்தம் செய்யும் அவசரத்தில் எல்லாவற்றையும் வெளியே எறிந்துவிடாதீர்கள். சுவரில் நீர் நின்ற கோட்டையும் சேதமான பொருள்களையும் முதலில் படமெடுங்கள். அரசு நிவாரணம் அறிவித்தால் வருவாய்த் துறையினர் வந்து பஞ்சநாமா (சேதத்தை நேரில் பார்த்து எழுதும் பதிவு) எழுதுவார்கள். அதில் உங்கள் பெயரும் குடியிருப்பும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று கையெழுத்துப் போடுமுன் மராத்தி தெரிந்த ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாடகைதாரருக்கு வாடகை ஒப்பந்தமும் மின்கட்டண ரசீதும் அப்போது உடனே தேவைப்படும். பரணில் ஏற்றிவைத்த உறையை இறக்க வேண்டிய நேரம் அதுதான்.